உங்க பேரு என்ன சார்?

கறுத்த நிறத்தவர்கள் அனுமதிச் சீட்டு காட்டினால்தான் பாலத்தைத் தாண்டலாம் என்றிருந்த ஒரு காலத்தைப் பற்றிய படம் அது. கூட்டத்தில் நிற்க ஆள் தேடியதால் வேன் டிரைவரும் அவர் மனைவியின் தம்பியான பிளம்பரும் போயிருந்தார்கள். இருவருமே நல்ல கறுப்பு. அந்தச் சட்டம் ஒழிந்து வெகுகாலம் ஆகியும், போலீஸ் வழிமறித்துப் பையைக் கொட்டச் சொல்கிற நிறம்.

காவலராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. அவருக்குத் தைத்த உடுப்பு டிரைவரின் தொப்பைக்குத்தான் சரியாக இருந்தது.

"அப்பல்லாம் உங்க ஆளுங்களையே காவலுக்கு நிறுத்துவாங்க. பொருத்தம்தான்," என்றார் டைரக்டர்.

கேமரா ஓடியது. வரிசையில் பிளம்பரின் முறை வந்தது. டிரைவர் ஒற்றை விரலால் அவன் தாடையை நிமிர்த்தி, "பேரு?" என்றார். மாமாவின் முகத்தில் இப்படியொரு அலட்சியத்தை அவன் பார்த்ததேயில்லை. சீட்டை நீட்டிவிட்டு நகர வேண்டியவன் நின்றுவிட்டான்.

"உங்க பேரு என்ன சார்?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார். டைரக்டருக்கு வசனம் பிடித்துப்போய்விட்டது. உடனே அதைக் கதாநாயகனுக்குக் கொடுத்துவிட்டார். முகத்தில் கறுப்புப் பூச்சோடு கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டான். பல்லைக் கடித்துக் கேட்டான். ஒட்டவில்லை. கடைசியில் அவனே பிளம்பரிடம் வந்தான்.

"நீங்க என்ன நினைச்சுக் கேட்டீங்க?"

"ஒண்ணும் நினைக்கல. இத்தனை வருஷமா எங்கிட்ட பேர் கேக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு."

கதாநாயகன் டைரக்டர் பக்கம் திரும்பினான். "சார், இதை இவரே கேக்கட்டும்," என்றான். டைரக்டர் முணுமுணுத்துப் பார்த்தார். கதாநாயகன் மசியவில்லை.

படம் வந்ததும் குடும்பத்தோடு போனார்கள். திரையில் பிளம்பர் கேட்டபோது யாரும் கைதட்டவில்லை. பாப்கார்ன் கொறிக்கிற சத்தம்கூட நின்றது. டிரைவரின் மனைவி மட்டும் அவரை முழங்கையால் இடித்து, "பதில் சொல்லாம ஏங்க முழிக்கிறீங்க?" என்றாள்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் டிரைவர் சொன்னார்: "எனக்குப் பேரே எழுதிக் குடுக்கல மாப்ளே. குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

"நிஜமாவா மாமா?"

டிரைவர் சாவியைச் செருகினார்.

"தெரியலடா. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னப்போ, இவனுக்கு எதுக்குச் சொல்லணும்னுதான் தோணுச்சு."