இரவல் நாக்கு

ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் நாக்கு ராஜா. எந்தச் சாப்பாடாக இருந்தாலும் ஒரு வாய் வைத்ததும் அதில் எது கூடிப்போயிற்று, எது குறைந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பான். விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்கே சாப்பிடப் போவது என்பதை அவன் வீடியோவைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் அந்தப் பெரிய நகரத்தில் ஏராளம். அவர்களில் ஒருவருக்கும் தெரியாத விஷயம், நாக்கு ராஜாவுக்கு நாக்கே கிடையாது என்பது. காரம், புளிப்பு, இனிப்பு, சூடு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவன் மனைவி சொல்லிக்கொடுப்பது.

தட்டு வந்ததும் முதல் வாய் அவள் சாப்பிடுவாள். மென்றுகொண்டே குனிந்த தலையோடு மெல்லிய குரலில் சொல்வாள். அவன் உதட்டசைத்து மனப்பாடம் செய்வான். பிறகு அவள் எழுந்து கேமராவுக்குப் பின்னால் போய் நிற்பாள். அவன் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடி, தலையை ஆட்டி, இப்போதுதான் தோன்றியது போல அவள் சொன்னதைச் சொல்வான். சொல்வதில் அவன் கெட்டிக்காரன். அவள் சொன்னால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பான் அவன். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். "இனிமே உனக்கு எதுக்கு இந்த வேலை? நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுவோம்" என்றான். விட்டுவிட்டாள். அதன் பிறகு சேனல், பேங்க் கணக்கு, கார், வீட்டு வாடகைப் பத்திரம் எல்லாம் அவன் பெயரில்தான் வந்தன. வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே அறையைப் படப்பிடிப்புக்கு என்று ஜன்னலில் கறுப்புத் துணி அடித்துவிட்டான். மாமியார் ஹாலில் டிவி பார்த்தபடி, "என் பையனுக்கு இந்த நாக்கு எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. அவங்க அப்பா உப்பில்லாமப் போட்டாலும் எதுவும் பேசாமச் சாப்பிடுவார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டாள்.

அவளுக்கோ ஒரு டம்ளர் பாலைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. விழுங்குவதற்குள் வார்த்தை வந்து நின்றது. ஒருநாள் அக்காவிடம் ஃபோனில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏன்டி, அடிக்கிறானா?"

"இல்லக்கா."

"குடிக்கிறானா?"

"இல்ல."

"ஊரெல்லாம் கூட்டிட்டுப் போய் வாய்க்கு ருசியா வாங்கிக் குடுக்கிறான். அதுக்கு ஒருத்தி அழுவாளா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நகரத்தில் நல்ல டிம்சம் எங்கே கிடைக்கும் என்று ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லிய மாவுத் தோலுக்குள் இறாலோ கறியோ காயோ பூரணமாக வைத்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, மூடியோடு அப்படியே மேஜைக்குக் கொண்டுவருகிற அந்தப் பலகாரத்துக்கு அந்த வருஷம் பெரிய மோகம். நகரத்தின் நடுவே இருந்த உயரமான ஹோட்டல் ஒன்று, முதல் இடத்தில் தங்களைச் சொன்னால் வருஷ ஒப்பந்தம் போடுவதாக ராஜாவிடம் சொல்லியிருந்தது.

"முதல் இடம் முடிவாயிடுச்சு" என்றான் அவளிடம். "மத்த இடத்துக்குத்தான் சுத்தணும். சும்மா பேருக்கு."

அந்த ஹோட்டலில் முதலில் சாப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர், கீழே எறும்பு மாதிரி கார்கள். கூடையின் மூடியைத் திறந்தார்கள். குச்சியால் தூக்கியதுமே தோல் அடியிலிருந்த தாளோடு ஒட்டிக் கிழிந்து, இறால் தனியாக விழுந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து வேகவைத்தது என்று வாயில் போடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பல கடைகளுக்குப் போனார்கள். ஒன்றில் பூரணத்தை விழுதாக அரைத்திருந்தார்கள், பல்லுக்கு வேலையே இல்லை. இன்னொன்றில் மாவு ரப்பர் போல இழுத்தது. அவள் சலித்துப்போய், இனிமேல் ஆவியைப் பார்த்தாலே ஓடிவிடுவோம் என்றிருந்தபோதுதான் அந்த நிலவறைக் கடைக்குப் போனார்கள்.

துணிக்கடைகள் இருந்த சந்தில், ஒரு கார் நிறுத்தும் கட்டடத்துக்கு அடியில் இருந்தது அது. படியிறங்கிப் போக வேண்டும். குழல்விளக்கு, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேஜைகள், சுவர் முழுக்க ஆவி படிந்து வழிந்த ஈரம். கடைக்காரர் தொந்தியும் தொப்பியுமாக ஒரு பெரியவர். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரில் சின்னச் சதுர ஜன்னல். அதன் வழியாக இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. மாவு உருண்டையை அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே தேய்ப்பு. வட்டமாகத் தோல் வந்தது. பூரணத்தை வைத்து, விரல் நுனியால் மடித்து மடித்து மூடின அந்தக் கைகள்.

கூடை வந்தது. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். தோல் கிழியவில்லை, ஒட்டவில்லை. கடித்ததும் முதலில் மாவு வழிவிட்டது, அப்புறம் இறால் நறுக்கென்றது, உள்ளே கொஞ்சம் சாறு. மென்று முடித்ததும் இன்னொன்றை எடுத்தாள்.

"சொல்லு" என்றான் அவன்.

"இருங்க."

"என்ன இருங்க? ஆவி அடங்கிட்டா வீடியோவுக்கு நல்லா இருக்காது."

சொன்னாள். அவன் சொன்னான். படம் பிடித்தாள். ஆனால் அவனுக்கு அந்தக் கைகள் பிடித்துப்போயின. "கை மட்டும் காட்டுனா எப்படி? முகம் வேணும்" என்று தன் ஃபோனை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குள் போய்விட்டான். "ஐயா, உள்ள போகாதீங்க" என்று கடைக்காரர் எழுந்து வருவதற்குள் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அவள் கை கழுவப் பின்பக்கம் போனபோது சமையல்காரி அங்கே நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மாவுக் கையோடு இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் முகம் வரக் கூடாது. கால்ல வேணா விழறேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"உயரமா இருக்குதே ஒரு ஹோட்டல், அங்கதான் இருந்தேன். என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த ஏஜென்ட் என் பாஸ்போர்ட்டை அவங்ககிட்டயே குடுத்துட்டான். லீவு கிடையாது, வெளிய போகக் கூடாது. அடித்தளத்துல லாண்டரிக்குப் பக்கத்து ரூம்ல தூங்குவோம். எங்க அம்மா செத்ததுக்குக்கூட விடல. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப அப்படியே நடந்து வந்துட்டேன். இன்னும் தேடிட்டு இருக்காங்க. ஊருக்குத் திரும்பப் பேப்பர் கேட்டுத் தூதரகத்துல எழுதிக் குடுத்திருக்கேன். அதுவரைக்கும் யாரும் பார்க்காம இருந்தாப் போதும்."

அவள் பிடியில் சுடுதண்ணீரின் சூடு இருந்தது. "நான் பார்த்துக்கறேன்" என்றாள் இவள். எந்த நம்பிக்கையில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டால் இரங்குவான் என்று நினைத்தாள். அவன் சிக்னலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான்.

"அவங்க ஹோட்டல்ல இருந்து ஓடி வந்தவளா?"

"ஆமாங்க. பாவம்."

"மேனேஜர் கிட்ட ஒரு வார்த்தை போட்டாப் போதும். ஒரு வருஷம் என்ன, மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவான்."

அவள் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டாகச் சொல்கிற முகமில்லை அது. கார் கதவு பூட்டியிருந்தது. அவன் பக்கம் பொத்தான்.

மறுநாள் காலை கறுப்புத் துணி அடித்த அறையில் அவன் விளக்கைப் போட்டு உட்கார்ந்தான். ஹோட்டல் டிம்சம் பற்றிப் பின்னணிக் குரல் பதிய வேண்டும். "சொல்லு" என்றான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"வார்த்தை தர மாட்டேன்."

அவன் சிரித்தான். நானே பேசிக்கொள்கிறேன் என்று மைக்கை இழுத்தான். "செம சாஃப்ட்டு... வாயில வச்சதும் அப்படியே கரையுது..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்து, மறுபடி கரைய விட்டான். மத்தியானம் வரை எத்தனையோ தடவை கரைந்தது. ஹாலிலிருந்து மாமியார், "என்னடா ஐஸ்கிரீம் கடைக்கா போனீங்க?" என்று கேட்டாள். அவன் வியர்த்து எழுந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"நேத்து எடுத்த படத்தை அழிங்க. அந்தக் கடை வீடியோவுலயே வரக் கூடாது. மேனேஜர் கிட்ட எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்லாம இருந்தா?"

"ஹோட்டலுக்கு நான் வார்த்தை தரேன்."

அவன் ஃபோனை அவளிடம் கொடுத்தான். அவளே அழித்தாள். பிறகு உட்கார்ந்து, அந்த ஒட்டிக் கிழிந்த, ஃப்ரீசர் வாடையடித்த டிம்சத்துக்கு வார்த்தை தேடினாள். பொய்யென்று தெரியக் கூடாது. நிலவறைக் கடையில் சாப்பிட்டதை நினைத்துக்கொண்டு, அதை அப்படியே ஹோட்டலுக்குச் சொன்னாள். அவள் இதுவரை சொன்னதில் அதுதான் ஆகச் சிறந்தது. அந்தப் பெண்ணைப் பூட்டி வைத்தவர்களுக்கே அந்தப் பெண்ணின் கையைத் தூக்கிக் கொடுத்தது போலிருந்தது. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போயிற்று. ஹோட்டலில் மேஜை கிடைக்க வரிசை நின்றது. ஒப்பந்தமும் ஆயிற்று. அதன்பின் வாராவாரம் அங்கே போய்ச் சாப்பிட்டுப் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். அவள் முகம் சுளித்தால் அவன் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சமையல்காரி இன்னும் அங்கதான் இருக்காளா?" என்பான். அவ்வளவுதான், அவள் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் அதே கேள்வி. முன்பு அவள் போக முடியாமல் இருந்தாள். இப்போது போக நினைக்கவும் முடியவில்லை. தான் ஓர் அடி எடுத்து வைத்தால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஹோட்டலுக்குப் போவதற்கு முன், தையல்காரரிடம் துணி வாங்க வேண்டும் என்று சொல்லி அந்தச் சந்துக்கு வந்தாள். படியிறங்கினாள். ஜன்னலில் வேறு கைகள் தெரிந்தன. தடித்த ஆண் கைகள். கத்தி தேய்க்கிற சத்தமும் வேறு. அவள் கடைக்காரரிடம் ஓடினாள்.

"எங்க அந்தப் பொண்ணு? யாராவது வந்து..."

கடைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அட, நீங்களா? பதறாதீங்க. பேப்பர் வந்துருச்சு, ஊருக்குப் போயிட்டா. நானே ஏர்போர்ட்ல விட்டேன். உள்ள போய்த் திரும்பிக்கூடப் பார்க்கல."

"நிஜமா போயிட்டாளா?"

"வீட்ல இருந்து ஃபோனும் பண்ணிட்டா. என் பாடுதான் திண்டாட்டம். புதுசா வந்தவன் மடிக்கிறதைப் பாருங்க, மூட்டை கட்டுற மாதிரி."

அவள் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம்தான். அதற்கு நடுவே, அவள் தப்பித்துவிட்டாள், நான்? என்று பொறாமையும் எட்டிப் பார்த்தது. கடைக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டுத் துணி எதுவும் வாங்காமல் ஹோட்டலுக்குப் போனாள்.

ராஜா கண்ணாடிச் சுவரோரம் காத்திருந்தான். "எவ்வளவு நேரம்? சாப்பிட்டுச் சொல்லு."

அவள் குச்சியைத் தொடவில்லை. "இனிமே நான் சொல்லல."

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மேனேஜர் இப்பத்தான் இந்தப் பக்கம் போனார். கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க."

"என்ன?"

"கூப்பிட்டுச் சொல்லுங்க. எந்தக் கடை, எந்தச் சந்துன்னு நானே வழி சொல்றேன்."

அவன் கையை மேஜைமேல் வைத்தான், எடுத்தான். இப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். மேனேஜர் திரும்பி வந்து, "எல்லாம் நல்லா இருக்கா சார்?" என்று குனிந்து கேட்டார். "பிரமாதம்" என்றான் ராஜா. அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. மேனேஜர் காத்திருந்து பார்த்துவிட்டு நகர்ந்தார். கூடையில் ஆவி அடங்கியது.

லிஃப்டில் கீழே இறங்கிக் காரில் ஏறினார்கள். நிறுத்துமிடத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் நின்றிருந்தன. வாசலில் எதுவோ பழுது. அவன் ஹாரன் அடித்தான்.

"நாளைக்கு என்ன பண்ணப் போற?" என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி.

"தெரியல."

"எங்க போவ? யாரு இருக்காங்க உனக்கு?"

"அதுவும் தெரியல. கதவைத் திறங்க."

"இங்க எங்க இறங்கப் போற?"

"திறங்க."

பொத்தானை அழுத்தினான். அவள் இறங்கி, நின்ற கார்களின் ஓரமாகச் சரிவில் ஏறி நடந்தாள். மேலே தெருவில் மழைக்குப் பிந்திய குளிர்ந்த காற்று அடித்தது. பஸ் ஒன்று வந்தது. எங்கே போகிறது என்று பலகையைப் படித்தாள். ஏறவில்லை. கைப்பையைக்கூடக் காரிலேயே விட்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் கார் மேலே வந்து அவள் அருகே நின்றது. அவன் முன் கதவைத் தள்ளித் திறந்தான். அவள் அதைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.