மீட்டர்காரர் சொன்ன சாட்சி

ஆற்றங்கரைக்குக் கீழே இருந்த தெருவை வெள்ளம் ஒரே காலையில் துடைத்துப் போட்டது. மனிதர்கள் பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பினார்கள். வீடுகளுக்குக் கால் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மாவட்ட மன்றம் கூடியது. அந்தத் தெருவில் இனி யாரும் கட்டக்கூடாது. மேட்டில் கிடக்கும் பழைய கிடங்கு நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் நாற்பது கட்டி, வெள்ளத்தின்போது அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வரியில்தான் சிக்கல். குடியிருந்ததற்கு வாடகைப் பத்திரம் காட்ட வேண்டுமாம். அந்தத் தெருவில் பத்திரம் எழுதி யார் குடியேறினார்கள்? எல்லாம் வாய்ப்பேச்சுதான். வீட்டுக்காரர்களோ, வரிக்குப் பயந்து, "எங்க வீட்டுல யாரும் இருந்ததில்ல" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மீட்டர்காரர் வந்தார். பதினோரு வருடம் அந்தத் தெருவில் மின் அளவு எடுத்தவர். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். அவருக்கு அரை நிமிடமே போதுமாக இருந்தது.

"மாசம் ஒரு தடவ எல்லாக் கதவையும் தட்டியிருக்கேன். எந்தக் கதவ யார் திறந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் மன்றத் தலைவி.

"இல்லம்மா. முகம்தான் ஞாபகம் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். ஒரு மணி நேரம் வாதாடி, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. மன்றப் பொறியாளரோடு மீட்டர்காரர் தெருவில் நடந்து ஒவ்வொரு குடித்தனத்தையும் சொல்ல வேண்டும். ஒன்று பொய் என்று தெரிந்தாலும் பட்டியல் முழுதும் ரத்து.

அன்று சாயங்காலமே மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் இருந்தவன். ஆலை வேலைக்காக இடம் மாறினான். ஆலை மூடியபின் நாலு பேரோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தான்.

"மாமா, தையல்காரம்மா வீட்டுப் பின்னாடி ரூம்ல நான் இருந்தேன்ல? அதச் சொன்னா போதும்."

"இருந்த. ரெண்டு வருஷம் முன்னாடி."

"யாரு தேதி பாக்கப் போறாங்க?"

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "பாக்கலாம்" என்றார். தம்பி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ரப்பர் பூட்ஸ் போட்ட பொறியாளர் பெண் படிவங்களோடு வந்தாள். இடுப்பளவுச் சுவர்களும் கதவில்லாத நிலைகளும்தான் மிச்சம்.

"இது தையல்காரம்மா, ரெண்டு பொண்ணுங்க. மிஷின் சத்தத்துல தட்டுறது கேக்காது. இது பஸ் டிரைவர், அவர் அம்மா, ஒரு நாய். நாய்க்கு என்னைப் பிடிக்காது."

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். "தையல்காரம்மா வீட்டுப் பின்னாடி ரூம்ல?"

எதிர்ப்பக்கம் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்த தெருக்காரர்களுக்கு நடுவே தம்பி நின்றிருந்தான். அக்கம்பக்கத்தார் அவனைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. மீட்டர்காரர் அவனை ஒரு முறை பார்த்துவிட்டுப் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா பூட்டிக் கிடந்துச்சு. யாரும் இல்ல."

அவள் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். "அக்கா புருஷன்னு நம்பி வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பிப் போனான்.

நாலாவது நாள் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி கேட்டாள்.

"நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குக் கோவம் இல்ல. அன்னைக்கே முடியாதுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? ஊரைக் கூட்டி வச்சா சொல்லணும்?"

தப்பு எங்கே என்று அவள்தான் சரியாகப் பிடித்திருந்தாள்.

முப்பத்தேழு குடும்பங்களை மன்றம் ஏற்றுக்கொண்டது. மீதி மூன்று வீடுகளுக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், குலுக்கல் என்றார்கள். மீட்டர்காரர் படிவத்தைத் தானே நிரப்பி எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனார். அவன் வாசலிலேயே வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

குலுக்கலில் அவன் பெயர் வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஆறாவது இடம். இப்போதும் அக்காவைப் பார்க்க வருகிறான்; மாமாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். போன மாதம் பட்டியலில் அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு குடும்பங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதால், அவன் நாலாவதாக இருக்கிறான்.