இரண்டாம் அட்டவணையில் ஐந்நூறு கிராம்

1

குர்ஷித் வேலையை விட்டுவிட்டாள். [இந்த வாக்கியம் தவறு. அவள் விடவில்லை. இதை அழிக்காமல் ஏன் வைத்திருக்கிறேன் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.]

இந்தக் கதை எனக்குக் குழப்பமாகத்தான் கிடைத்தது. வேலூரில் ஒரு கல்லூரி, தொழிலாளர் உடல்நலம் பற்றித் தமிழில் ஒரு காலாண்டு ஆய்விதழ் நடத்துகிறது என்று வைத்துக்கொண்டேன். இதழை இணையத்தில் ஏற்றுவது ஃபீபியின் வேலை. அவளால் விடுவிக்க முடியாத ஒரு சின்னச் சிக்கலை அவள் மேசைமீது வைத்தேன். அப்போது எனக்கும் விடை தெரியாது.

ஆம்பூரை நெருங்கும்போதே அந்த வாடை— வேண்டாம். ஆம்பூர்க் கதையை மூக்கிலிருந்து தொடங்குவது எல்லாரும் செய்வது. தொலைபேசியிலிருந்து தொடங்குகிறேன்.

ஜூலையில் ஒரு காலை. ஃபீபியை அழைத்தவர் சர்தார் பாஷா, ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

"மேடம், தோல் பதப்படுத்தற குரோம் தண்ணில வேல செய்றவங்க கை கழுவறதுக்கு ஒரு பவுடர் கலக்கணும்னு உங்க புக்ல போட்டிருந்தீங்க இல்ல? அதே அளவுலதான் கலந்தேன். பொம்பளைங்க கையெல்லாம் எரியுதுன்னு பேஜார் பண்றாங்க. பவுடர் ஜாஸ்தியா?"

"எவ்ளோ சார் போட்டீங்க?"

"பத்து லிட்டருக்கு ஐந்நூறு கிராம்."

"ஐயோ! ஐம்பது சார். அது அச்சுல வந்த தப்பு. மார்ச் மாசமே திருத்தம் போட்டுட்டோமே!"

"எங்க போட்டீங்க? இப்பவும் அதைத்தான் போன்ல தொறந்து வெச்சினுருக்கேன். ஐந்நூறுன்னுதான் இருக்குது."

ஃபீபி மார்ச் இதழைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் திருத்தம் தெளிவாக இருந்தது: இரண்டாம் அட்டவணை, 500 அல்ல, 50. அவள் பொய் சொல்லவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒரே இதழின் ஒரே தளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை ஒரு பக்கத்தில் இருக்கிறது, அதற்கான திருத்தம் வேறொரு பக்கத்தில். திருத்தத்தில் கட்டுரையின் இணைப்பு உண்டு. அழுத்தினால் கட்டுரைக்குப் போகலாம். கட்டுரையிலிருந்து திருத்தத்துக்கு வர வழியே கிடையாது. ஆகவே, திருத்தத்தைப் படிப்பவருக்குக் கட்டுரையில் பிழை இருப்பது தெரியும். கட்டுரையைப் படிப்பவருக்குத் திருத்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. திருத்தத்தைத் தேடிப் போகிறவர், பிழை இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர் மட்டும்தான்.

(இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. ஃபீபிக்கு ஒரு மணி நேரம். நான் எழுதும் பாத்திரத்தைவிட நான் மந்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

ஆசிரியர் சத்தியநாதனிடம் அவள் போனாள். முதல் வரைவில் அவர் மேசையைத் தட்டி, "இதழோட மானம் என்ன ஆவறது—"

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. இதழ் காகிதத்தில் வந்த காலத்திலிருந்து ஆசிரியராக இருக்கிறார். அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்ட இதழுக்குள் கை நுழைத்துத் திருத்த முடியாது. அடுத்த இதழில்தான் சொல்ல முடியும். அந்தப் பழக்கத்தை அப்படியே இணையத்துக்குத் தூக்கிவந்துவிட்டார். அவ்வளவுதான்.

"கட்டுரையையே மொத்தமா வாபஸ் வாங்கிட்டா என்னம்மா?" என்று கேட்டார்.

"ஒரு எண்தான் சார் தப்பு. மீதி ஆய்வு சரி. அதையும் சேத்து ஏன் சாகடிக்கணும்?"

"அப்ப உனக்குச் சரின்னு பட்டதைச் செய்."

3

அவளுக்குச் சரியென்று பட்டது இதுதான்: கோப்பைத் திறந்து, ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஏற்றினாள். அரை நிமிடம். "இப்ப பாருங்க சார், சரியாய்டுச்சு" என்று சர்தார் பாஷாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சத்துவாச்சாரி பஸ்ஸில் ஜன்னலோரம் நிம்மதியாக உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

நானும் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலையில் நடந்தது இது. அங்கே தோலைப் போட்டுச் சுழற்றும் ஒவ்வொரு டிரம்முக்குப் பக்கத்திலும் ஒரு கரும்பலகை. என்ன சரக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று மேற்பார்வையாளர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கை கழுவும் தொட்டிக்கு மேலும் அப்படி ஒன்று. அதில் சர்தார் பாஷாவின் கையெழுத்தில் 10 லிட்டர், 500 கிராம். புக்கிலும் மாறட்டும் என்று அதை அவர் இன்னும் தொடாமல் வைத்திருந்தார்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நானா எழுதல, புக்ல இருந்தது, இதோ பாருங்க" என்று, ஃபீபியின் செய்தியை இன்னும் பார்க்காத அவர் போனைத் திறந்து நீட்டினார். விரல்களில் துணி சுற்றியிருந்த குர்ஷித் வாங்கிப் பார்த்தாள்.

"பாய், இதுல ஐம்பதுன்னு இருக்குது."

"நேத்து ஐந்நூறு இருந்துச்சு!"

"போன மாசம் என் கைகூடத்தான் நல்லா இருந்துச்சு." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போர்டுல எழுதினது நீங்க. நடுவுல அந்த சைபரு எங்கேர்ந்து வந்துச்சு? உங்க வூட்லேர்ந்து எடுத்துனு வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஓரமாகப் போய் ஃபீபியை அழைத்தார்.

"என்னைப் பொய்க்காரனாக்கிட்டீங்க மேடம். உங்க தப்பை நீங்க தொடச்சினு போய்ட்டீங்க, அது இப்ப என் தலைல நிக்குது. பதினெட்டு வருஷமா அந்த போர்டுல எழுதறேன், ஒருத்தர் கேள்வி கேட்டதில்ல. இனிமே நான் கலக்குற தண்ணில எவ கை வெப்பா?"

ஃபீபி கணக்குப் போட்டுப் பார்த்தாள். முன்பு பிழை இருந்தது. திருத்தம் அவருக்கு எட்டவில்லை. இப்போது பிழை இல்லை; ஆனால் பிழையை நம்பி நடந்தவர் குற்றவாளி. சரியானதைச் செய்தபிறகு நிலைமை எப்படி மோசமாக முடியும்?

4

எனக்கும் புரியவில்லை. எனவே முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஃபீபி ராஜினாமா செய்வது: அதனால் யார் கையும் ஆறாது. சத்தியநாதன் ஆம்பூருக்கு வந்து எல்லார் முன்னாலும் கை கூப்புவது: நாடகம். மூன்றாவது, குர்ஷித் வேலையை விட்டுப் போவது. இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. எழுதி, நண்பன் வசந்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கண்ணீர் விடும் பொம்மைகளாக நான்கு அனுப்பினான்.

பிறகுதான் உறைத்தது. குர்ஷித் அப்படிப்பட்டவளா? முதல் நாள் எரிந்ததுமே தொட்டியை விட்டுக் குழாயடிக்குப் போயிருப்பாள். வேலையை அவள் ஏன் விட வேண்டும்? கண்ணீருக்காக நான் அவளைத் துரத்தியிருக்கிறேன். என் கோப்பில் அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வசந்த், "அந்த குர்ஷித் பாவம்டா, வேலை போச்சே" என்றான்.

"போகலடா."

"எனக்கு இன்னா கண்ணு தெரியாதா? படிச்சேனே!"

படித்தான்தான். இப்போது என் கதையைத் திறந்து காட்டினால் அதில் அந்த வரி இருக்காது. அவன்தான் ஏதோ கற்பனை செய்துகொண்டான் என்று ஆகிவிடும். ஃபீபி சர்தார் பாஷாவுக்குச் செய்ததையே நான் வசந்துக்குச் செய்திருந்தேன். அன்றுதான் அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்து, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, கதையின் தலையில் வைத்தேன்.

5

சர்தார் பாஷாவின் அந்த அழைப்பு வந்த அன்று மதியமே ஃபீபியை மன்னிப்புக் கேட்க ஆம்பூருக்கு அனுப்பினேன். அதற்கு மேல் எனக்குத் திட்டமில்லை. கரும்பலகையைப் பார்த்தது அவளேதான்.

ஒரு டிரம்மின் பலகையில் 8 மணி நேரம் என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 6 மணி நேரம், தேதி, ச.பா.

"இதை ஏன் சார் தொடைக்கல?"

"தொடச்சா எப்டி மேடம்? தோலு ஏற்கெனவே உள்ள சுத்தினு இருக்குது. எந்த லாட்டு பழைய அளவுல ஓடிச்சு, எது புதுசுல ஓடிச்சுன்னு நாளைக்குத் தெரிய வேணாமா? இங்க யாரும் தொடைக்க மாட்டாங்க. கோடு போட்டு எழுதணும்."

ஃபீபி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா மேடம், போர்டு அவ்ளோ அழகா?" என்றாள் குர்ஷித்.

அங்கிருந்தே சத்தியநாதனை அழைத்தாள். "சார், பழைய ஐந்நூறைத் திரும்பப் போட்டு, மேல ஒரு கோடு அடிக்கணும். பக்கத்துல ஐம்பது. தேதி. 'தவறு எங்களுடையது. இதற்கு முன் பார்த்தவர்கள் 500 என்றே கண்டார்கள்.' எல்லாம் அட்டவணைக்குள்ளயே வரணும்."

"பாக்க அசிங்கமா இருக்குமேம்மா. கட்டுரையோட முதல் பக்கத்துல ஒரு வரி போட்டா போதாதா?"

"முதல் பக்கத்தை யார் சார் படிக்கிறாங்க?"

"நான் படிக்கல" என்றார் சர்தார் பாஷா பக்கத்திலிருந்து. "நேரா அளவுக்குத்தான் போனேன்."

சத்தியநாதன் விட்டுக்கொடுத்தார். "சரி, போட்டுடலாம்."

ஃபீபி தன் போனிலிருந்தே ஏற்ற, அரை மணி நேரத்தில் அட்டவணை மாறியது. சர்தார் பாஷா போனைக் குர்ஷித்திடம் கொடுத்தார். கோடு விழுந்த ஐந்நூறை விரல் துணியோடு பெரிதாக்கிப் பார்த்தாள்.

"சரி பாய். அந்த சைபரு உங்க வூட்டுது இல்ல." போனைத் தந்தாள். "எரிஞ்ச கை எங்களுதுதான்."

சர்தார் பாஷா தொட்டிப் பலகைக்குப் போய் 500ன் குறுக்கே கோடு போட்டு, 50 என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தார். முதலில் தன் கையை விட்டார்.

குர்ஷித் அதில் கை வைத்தாளா? தெரியாது. அவளைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை தவறாக எழுதிவிட்டேன். நீங்கள் முடிவு செய்யுங்கள்; தவறாக இருந்தால் அழிக்க வேண்டாம்.

வழி மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிழை எங்கே இருக்கிறதோ அங்கேயே திருத்தத்தை எழுத வேண்டும். பழையது தெரியும்படி ஒரு கோடு, பக்கத்தில் புதியது, தேதி, தவறு யாருடையது என்ற ஒரு வரி.