வீடு போனவர்கள்

புள்ளி சிவப்புக் கோட்டைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். இந்த விதியை எழுதியவர் டாக்டர் காந்திமதிநாதன். நிறுத்தியது நான். அவருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. விதி எழுதுகிறவர்களுக்கு அது தங்கள் மேலேயே பாயும்போது கோபம்தான் வரும்.

என் பெயர் சுகிர்தம். தென்காசியிலிருந்து மேலகரம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். நான் சொல்வது 1964இல் நடந்தது. எங்களிடம் ரணஜன்னிக்கென்றே ஓர் இருட்டறை இருந்தது. காலில் மண்வெட்டி பட்டவர்கள், துருப்பிடித்த தகரம் கிழித்தவர்கள் எல்லாரும் தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்து அங்கே வந்து சேர்வார்கள். துளி வெளிச்சம் பட்டாலும், சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போடும். பாதிப் பேர் பிழைப்பார்கள்.

குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற சீரத்தை அவர்கள் எல்லாருக்கும் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தோம். டாக்டருக்கு அதில் ஒரு சந்தேகம். நோய் முற்றி வந்த பிறகு நரம்பில் ஏறிவிட்ட விஷத்தைச் சீரம் ஒன்றும் செய்யாது, சிலருக்கு அந்த ஊசியே எமனாகிறது என்று நினைத்தார். தப்பான சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். ஊசி போட்ட பத்தாவது நிமிஷம் மூச்சடைத்துச் செத்த ஒரு வண்டிக்காரரை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் வருகிறவர்களை வந்த வரிசையில் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தோம். ஜோடிக்கு ஓர் ஒட்டிய கவர். உள்ளே நீலத் தாள் இருந்தால் முதலில் வந்தவருக்குச் சீரம், அடுத்தவருக்கு இல்லை. வெள்ளைத் தாள் என்றால் மாற்றி. மற்ற மருந்தும் கவனிப்பும் இருவருக்கும் ஒன்றுதான். சீரம் போட்டவர் மட்டும் பிழைத்தால் கட்டத்தாளில் ஒரு புள்ளி மேலே ஏறும். போடாதவர் மட்டும் பிழைத்தால் ஒரு புள்ளி கீழே இறங்கும். இருவரும் பிழைத்தாலோ இருவரும் போனாலோ புள்ளி கிடையாது. தாளின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சிவப்புக் கோடுகளை டாக்டரே ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். புள்ளி எந்தக் கோட்டைத் தொட்டாலும் விடை தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாருக்கும் கவர் பிரிக்கக் கூடாது. தொடாமலே போனால் நாற்பது ஜோடியோடு முடித்து, பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடலாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. விடை தெரிந்த பிறகும் ஒருவரைச் சீரம் இல்லாமல் விடுகிற பாவம் அதில் இல்லை.

புள்ளி வைக்கிற வேலை என்னுடையது. முப்பத்தொரு ஜோடி வந்து போன பிறகும் புள்ளி மேல்கோட்டுக்கு மூன்று கட்டம் கீழேதான் நின்றது.

அந்தச் சித்திரையில் தென்காசிச் சந்தையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். தை மாதம் தன் புருஷனை எங்களிடமிருந்து மாட்டுவண்டியில் அழைத்துப் போனவள். இப்போது கழுத்து வெறுமையாக இருந்தது. எப்போது என்று கேட்டேன். வண்டி வீடு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் என்றாள்.

“மூச்சோட வாசப்படி ஏத்திட்டோம் சிஸ்டரம்மா,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவுகூட இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெளியே செத்தவரை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டுக் கிடத்துவார்கள். அதற்குப் பயந்தே, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுடைய சீட்டில் நான் ‘வீடு போனார்’ என்று எழுதுவேன். வீடு போனவர் பிழைத்தவரும் இல்லை, செத்தவரும் இல்லை. அவருடைய ஜோடியையே தாளிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்பது டாக்டரின் விதி. மதராஸிலேயே வளர்ந்து படித்தவருக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கையாலேயே பதினோரு முறை எழுதியிருந்தேன். சந்தையிலிருந்து திரும்பி நடந்தபோது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஒரு மாதம் என் லீவு நாட்களெல்லாம் பஸ்ஸில் போயின. திருவேங்கடம் வரைக்கும் போனேன். போக முடியாத இரண்டு ஊர்களுக்கு ரிப்ளை கார்டு போட்டு விசாரித்தேன். பத்துப் பேர் செத்திருந்தார்கள். பதினோராவது ஆள், மேலகரத்துக் குற்றாலிங்கம், வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். சீரம் போடாதவர். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. ஒரு மனுஷன் பிழைத்திருப்பதைக் கண்டு முகம் சுருங்குகிற நான் என்ன நர்ஸ் என்று அப்புறம் வெட்கப்பட்டேன். அவர் கொடுத்த கடலையை வாங்கிக்கொண்டு அவரையும் எழுதிக்கொண்டேன்.

பதினோரு பேரையும் வந்த வரிசையில் சேர்த்து, புதுத் தாளில் முதலிலிருந்து புள்ளி வைத்தேன். மேலே ஐந்து புள்ளி கூடியது, கீழே ஒன்று. இருபத்துநான்காவது ஜோடியில், பங்குனி மாதமே, புள்ளி சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. சீரம் காப்பாற்றுகிறது. அதற்குப் பிறகும் ஏழு ஜோடிகளுக்குக் கவர் பிரித்திருந்தோம். அந்த ஏழில் சீரம் இல்லாமல் விடப்பட்டவர்களில் நான்கு பேர் செத்திருந்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் இல்லை. தாளை வெகு நேரம் பார்த்தார். வீட்டில் நடந்ததை எந்த டாக்டரும் பார்க்கவில்லை என்றார். பாதியில் நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்தக் கோட்டையும் தொட்டுவிடலாம் என்றார். மதராஸ் மேலதிகாரிகளுக்கு அனுப்பிவிட்ட விதியை இனி மாற்ற முடியாது என்றார்.

“இன்னும் ஒன்பது ஜோடிதான் சிஸ்டர். அப்புறம் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது.”

“ஒம்பது ஜோடின்னா சீரம் இல்லாம ஒம்பது பேரு,” என்றேன். “எனக்கு வேண்டியதை நான் சேக்கல டாக்டர். பதினோரு பேரையும் சேத்திருக்கேன். பிழைச்சவரையும் சேத்திருக்கேன். செத்தவங்களை வெளிய நிப்பாட்டிட்டு, கோட்டைத் தொடலைன்னு சொல்லுதீங்க.”

யோசிப்பதாகச் சொன்னார். நோய் அவர் யோசித்து முடிக்கிறவரை காத்திருக்குமா? மறுநாள் காலையிலேயே தங்கத்தாய் வந்தாள். ஐந்தருவியில் சீசன் கடை போட்டு மங்குஸ்தான் விற்கிறவள். கடைக்கு வேய்ந்த தகரம் குதிகாலைக் கிழித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அவளுடைய அண்ணன் பலவேசம் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் முப்பத்திரண்டாவது கவரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டேன். சீரத்தில் ஒரு சொட்டைத் தோலுக்கடியில் ஏற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்தேன். தடிப்பு இல்லை. முழு ஊசியையும் போட்டேன்.

டாக்டர் வந்து கவரில் என்ன நிறம் என்று கேட்டார். பிரிக்கவில்லை என்றேன்.

“யாரைக் கேட்டுச் சீரம் போட்டீங்க?”

“நீங்க போட்ட கோட்டைக் கேட்டு.”

அந்த இருட்டறையில் சத்தம் போடக் கூடாது. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். வேலையிலிருந்து நீக்குவேன் என்றார். நீக்குங்கள், ஆனால் அந்த உத்தரவோடு என் தாளையும் சேர்த்து மதராஸுக்கு அனுப்புங்கள் என்றேன். அன்றைக்கு உத்தரவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஐந்தாம் நாள் தங்கத்தாய்க்கு இழுப்பு அதிகமானது. பலவேசம் வாசலில் வண்டியைக் கட்டிவிட்டார். நான் கட்டிலுக்குக் குறுக்கே நின்றேன்.

“வெளிய செத்தா வீட்டுக்குள்ள ஏத்த விடமாட்டாவ சிஸ்டரம்மா,” என்றார்.

“இங்கன இருந்தா பிழைக்க வழி இருக்கு அண்ணாச்சி. அங்கன ஒரு வழியும் இல்ல. செத்துட்டா நானே கூட வந்து வாசப்படி ஏத்துதேன். எவன் தடுக்கான்னு பாக்கேன்.”

அவர் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய் மாட்டை அவிழ்த்தார்.

ஏழாம் நாள் காலை தங்கத்தாய் செத்துப்போனாள். அவள் பிழைப்பாள் என்றே நம்பியிருந்தேன். ஆனால் ஒருத்தி போனதால் கோட்டைத் தொட்ட புள்ளி தொடாததாகிவிடாது. சீட்டை எடுத்து ‘இறந்தார்’ என்று எழுதிவிட்டு, பலவேசத்தோடு வண்டியில் ஏறினேன்.

மேலகரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நான்கைந்து பேர் குறுக்கே நின்றார்கள். பந்தலுக்குக் கம்புகூட நட்டாயிற்று. தலைப்பக்கம் நான், கால்பக்கம் பலவேசம். வழிவிட மாட்டோம் என்றார்கள். என்னைத் தள்ளிவிட்டுத் தடுங்கள் என்றேன். பிணத்தைச் சுமந்து நிற்கிறவளைத் தள்ள ஒருவருக்கும் கை வரவில்லை. வாசப்படி ஏறி, நடுவீட்டில் பாய் விரித்து அவளைக் கிடத்திவிட்டுத் திரும்பினேன்.

டாக்டர் அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“சீரம் போட்டும் போயிட்டாங்க,” என்றார்.

“ஆமா. அஞ்சாம் நாள் வண்டி வந்துச்சு. விட்டிருந்தா ‘வீடு போனார்’னு எழுதியிருப்பேன். உங்க விதிப்படி அவ செத்திருக்கவே மாட்டா. சீரத்தை எப்படியாவது ஜெயிக்க வைக்கணும்னா எனக்கு அதுதான சுலபம்?”

அவர் மேஜை டிராயரைத் திறந்து என் தாளை எடுத்தார். முதல் புள்ளியிலிருந்து விரலை வைத்து ஒவ்வொன்றாகப் போனார். இருபத்துநான்காவதில் விரல் நின்றது.

“பங்குனி,” என்றார். மிச்ச ஏழு ஜோடியையும் எண்ணிவிட்டு, “நாலு பேர்,” என்றார்.

நான் அவரைத் தேற்றவில்லை. அந்த நாலு பேர் என் தலையிலும்தான் இருந்தார்கள்.

மத்தியானம் வேல்சாமி என்ற விவசாயி வந்தார். ஏர்க்கொழு குத்திய கால், இறுகிய தாடை. டாக்டர் கவர் கேட்கவில்லை. சீரம் இருந்த குப்பியைத் தானே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரிஞ்சு கொதிக்கவைக்கச் சொன்னார்.

மிச்சம் ஒன்பது கவர்கள் இருந்தன, என் ஏப்ரன் பையில் இருந்ததையும் சேர்த்து. ஒன்றையும் பிரிக்காமல் அவற்றாலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.