இன்னும் பத்து மணி நேரம் பாக்கி

சகலமானவர்க்கும் அறிவிப்பது யாதெனில்: பென்னலூர் லீலாவின் டிராக்டருக்கு என்ஜின் ஆயில் எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்க உயர்மட்டக் குழு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. எந்த டிராக்டருக்கும் இதற்குமுன் இப்படியொரு பாக்கியம் வாய்த்ததில்லை.

குழுத் தலைவன் லீலாவின் கொழுந்தன் சுபாஷ், ஒரகடம் கம்பெனியொன்றில் லைன் சூப்பர்வைசர். உறுப்பினர், அவள் கணவன் எல்லப்பன். தம்பி பேசும்போது தலையாட்டுவது அவன் பொறுப்பு. டிராக்டரை ஓட்டுகிறவள் லீலா. அவளுக்குக் குழுவில் இடமில்லை.

"இருநூத்தம்பது மணி நேரம் ஓடுனா ஆயில் மாத்தணும் அண்ணி. போன தபா மாத்தனப்போ மீட்டர்ல ஆயிரம். இப்போ ஆயிரத்து இருநூத்து நாப்பது. இன்னும் பத்து மணி நேரம் பாக்கி கீது."

"சித்திரையிலயும் இதே நாப்பதுதான சுபாஷு? இப்போ ஆடி. மீட்டர் செத்துப்போச்சுப்பா."

"டேட்டா பொய் சொல்லாது அண்ணி."

எல்லப்பன் தலையாட்டினான்.

லீலா என்ஜினிலிருந்து ஆயில் அளவுக்கம்பியை உருவி விரலில் தேய்த்துக் காட்டினாள். தாராய் ஒட்டியது. "நாளைக்குக் காலைல நாத்தங்கால் ஓட்டணும். விதைநெல்லு முளை வுட்டுடுச்சு. நடுச்சேத்துல என்ஜின் ஜாம் ஆனா, மூட்டையிலயே வேர் பின்னிக்கும். அப்புறம் இந்த போகம் கோயிந்தாதான்."

"கலர் வெச்சு முடிவு பண்றது அந்தக் காலம்" என்ற சுபாஷ், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அட்டையை ஸ்டியரிங்கில் கட்டினான். அதைக் கட்டினால் முடிவு வரும்வரை வண்டியை ஒருவரும் தொடக்கூடாது. "மூணு மணிக்குக் கோயில் மண்டபத்துல மீட்டிங்கு."

மூன்று மணிக்கு மண்டபத்தில் புரொஜெக்டர் எரிந்தது, போண்டாவும் வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கியிருக்க வேண்டிய பதினைந்து பேர் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று ஐந்துக்கு லீலா சிவப்பு அட்டையைப் பதமாக அவிழ்த்து, கசங்காமல் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் மாட்டினாள். ஆயில் சூடாகட்டும் என்று வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்தாள். புடவையைச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தாள். ஆயிலை வடிக்கும் போல்ட் அசையவில்லை. மண்டபத்தில் கைதட்டல். முதல் ஸ்லைடு முடிந்துவிட்டதா? ஸ்பேனரில் காலை வைத்து மிதித்தாள். 'டக்'கென்று விட்டது. கறுப்பு ஆயில் பழைய பெயின்ட் வாளியில் கொட்டியது.

"ஏன் மாத்தணும்? அதுக்கு ஏன்? அதுக்கும் ஏன்? ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு ஏன் கேக்கணும்!" மைக்கில் சுபாஷ்.

"கேளு ராசா, நல்லா கேளு" என்று லீலா ஃபில்டரைத் திருகினாள். நான்காவது 'ஏன்' முடிவதற்குள் புது ஃபில்டர் ஏறிவிட்டது. போல்ட்டை முடுக்கிவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் வாங்கி வைத்திருந்த புது ஆயில் கேனைக் கவிழ்த்தாள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அளவு பார்த்து, அட்டையைப் பழையபடியே கட்டி, வாளியை மாட்டுக்கொட்டகையில் மறைத்தாள். ஐந்தாவது 'ஏன்'னுக்கு விசில் பறந்தது.

மறுநாள் காலை குழு பூமாலையோடு வந்தது. சுபாஷ் அளவுக்கம்பியை உருவினான். தேன் நிறம். ஊரே பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

"பாத்தீங்களா! பத்து மணி நேரம் பாக்கின்னு மீட்டர் சொல்லுச்சு, ஆயிலும் அதையேதான் சொல்லுது! நேத்து கறுப்பா தெரிஞ்சது அண்ணியோட கையழுக்கு!"

எல்லப்பன் தலையாட்டினான். யாரோ பட்டாசு வெடித்தார்கள். சுபாஷ் கம்பியோடு செல்ஃபி எடுத்து கம்பெனி குரூப்பில் போட்டான்.

"அட்டையக் கழட்டட்டுமா சார்?" என்றாள் லீலா.

"அப்ரூவ்டு அண்ணி!"

என்ஜின் முதல் திருகிலேயே பிடித்தது. சேற்றில் ஒரு இருமல் இல்லை. மூன்று மணி நேரத்தில் நாற்றங்கால் தயார். முளைவிதை மொத்தமும் விழுந்தது.

மதியம் வண்டி வீடு திரும்பியபோது மீட்டரில் ஆயிரத்து இருநூற்று நாற்பது.