சன்னாசி சி ரூசாவுக்குப் போனது

தோட்டத்து கேட்டில் இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரனிடம், டின்னுக்குள் இருப்பது தன் புருஷன்தான் என்று மயிலம்மாள் மறுபடியும் சொன்னாள்.

“எம் புருஷன்யா. சன்னாசி. நேத்துதான் எரிச்சோம்.”

மலாய்க்காரப் பையனான அவனுக்குத் தமிழில் ‘வாங்க’, ‘போங்க’, ‘சோறு’ ஆகியவற்றைத் தவிர வேறு வார்த்தை தெரியாது. கடைசி வார்த்தையைத்தான் அவன் அந்த டின்னுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

அவன்மேல் குற்றமில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக்கூடாதென்று ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அரிசியோ கருவாடோ சர்க்கரையோ கேட்டைத் தாண்டக்கூடாது. டின் என்றால் கட்டாயம் ஓட்டை போட வேண்டும். உள்ளே இருப்பது சீக்கிரம் கெட்டுப்போகட்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சன்னாசி ஏற்கெனவே கெடவேண்டிய அளவுக்குக் கெட்டு முடித்து எரிந்தும் விட்டார் என்பது சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

தப்பு மகன் அர்ச்சுனனுடையது. சாம்பல் அள்ளப் புதுப்பானை கிடைக்காததால் பால்மாவு டின்னில் அள்ளினார்கள். அதுவரை சரி. ஆனால் கார் குலுக்கலில் அப்பா கொட்டிவிடக் கூடாதே என்று, அவன் மூடியைச் சுற்றி ரப்பர் பாலை ஊற்றி நெருப்பில் வாட்டிவிட்டான். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு எது ஒழுகினாலும் அதுதான் மருந்து. இப்போது அந்த மூடியை யாராலும் திறக்க முடியவில்லை. டின்னின் வெளியே ஒரு பசுமாடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

“இனி அபு, எஞ்சே. அபு பாப்பா சாயா. எங்கப்பா சாம்பலு” என்று அர்ச்சுனன் மலாயும் தமிழுமாகச் சொன்னான்.

சாம்பலுக்கு எதற்கு இத்தனை பூட்டு என்பதுபோல் அந்தப் பையன் பார்த்தான். நியாயமான கேள்வி என்றுதான் மயிலம்மாளுக்கும் பட்டது. அவன் டின்னைக் கவிழ்த்து, அடியில் கம்பியை வைத்து ஒரே குத்து குத்தினான். ஓட்டை வழியாகச் சாம்பல் கொஞ்சம் அவன் பூட்ஸில் விழுந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. தொப்பியைக் கழற்றி டின்னுக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

மயிலம்மாளுக்கு எரிச்சல் கூடியது. முழு மனதோடு திட்டக்கூட முடியாமல் செய்துவிட்டான்.

“ஆறு மணிக்குள்ள வந்துரணும்மா. கேட்டு சாத்திட்டா விடியிற வரைக்கும் வெளியதான்” என்று அர்ச்சுனன் முன்சீட்டில் ஏறினான். “அப்புறம் காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டு போனோம்னு ஸ்டேசன்ல உக்கார வச்சிருவான்.”

“அதச் சொல்லத்தான் ஒன்ன கூட்டிட்டு வந்தேனா? வண்டிய எடுக்கச் சொல்லு.”

அவள் வந்திருக்கவே கூடாது. பதினாறாம் நாள் தாலி இறக்கும்வரை புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலைத் தாண்டக்கூடாது. சாம்பல் கரைப்பது ஆண்கள் வேலை. அடுத்த வீட்டு ராக்கம்மா கதவை மறித்து நின்றே பார்த்துவிட்டாள். “ஊரு ஒலகத்துல எவளாவது இப்படிப் போவாளாடி” என்றாள். “ஊரு ஒலகத்துல எவ புருஷனாவது முப்பது வருசமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொன்னானா?” என்று கேட்டுவிட்டு மயிலம்மாள் காரில் ஏறிவிட்டாள்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் கல்யாணமாகி, லயத்திலேயே பிள்ளை பெற்றவள். கடல் இருபது மைல்கூட இருக்காது. பார்த்ததில்லை. சன்னாசி பார்த்தவர்போல் விவரமாகச் சொல்வார். சி ரூசா கடற்கரையில் மணல் சீனி மாதிரி வெள்ளையாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி நீலமாம். ஆமைகள் கரைக்கு வந்து மனிதர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகுமாம். “அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன் புள்ள” என்பார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அவன் போனதும் முள்வேலி வந்தது. முந்தாநாள் சன்னாசி பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்து, காபி கேட்டு, சுவரில் சாய்ந்தார். அவள் காபியோடு வருவதற்குள் போய்விட்டார். அந்தக் காபியை என்ன செய்வதென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

இன்றைக்குக் கடலைப் பார்க்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. பதினாறு முடிந்த விதவையை எவன் கார் வைத்துக் கூட்டிப்போவான்?

கார் தெமியாங் ஊர்ச் சந்திரனுடையது, ஓட்டுவதும் அவன்தான். அவன் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய கார் என்பதில் அவனுக்குப் பெருமை. பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் சன்னாசியின் தம்பி இராஜமாணிக்கம். சடங்கு தெரிந்த ஆள் என்று கூட்டி வந்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்த சடங்கில் பெரும்பகுதி சாப்பாடு.

லிங்கி ஆறு தெரிந்ததும் அவர் ஜன்னலில் தொங்கினார்.

“அண்ணி, அந்தா மொதல.”

“மரக்கட்டைங்க கொழுந்தனாரே.”

“எங்கண்ணன் வெத்தல குடுத்துப் பழக்குன மொதல ஒண்ணு இங்கதான் கெடக்கு. பல்லு எல்லாம் செவப்பு. பார்த்தா பொம்பள மாதிரியே வாய தொடச்சிக்கும்.”

“அத வேற யாரு சித்தப்பா பாத்தது?” என்றான் அர்ச்சுனன்.

“பாத்தவன் எவன்டா திரும்பி வந்தான், சாட்சி சொல்றதுக்கு?”

மரக்கட்டை வாயைத் திறந்தது. சந்திரன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்.

லிங்கிக் கடைத்தெருவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றார் இராஜமாணிக்கம். கரைப்பதற்கு முன் ஆத்மாவுக்கு ஒரு கவளம் படைக்க வேண்டும். தோட்டத்திலிருந்து அரிசி கொண்டுவர முடியாது. கடையிலோ உட்கார்ந்து தின்னலாம். கட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆகவே அண்ணனைக் கடைக்குள் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைப்பதுதான் சாஸ்திரமும் சட்டமும் ஒத்துக்கொள்ளும் வழி.

“மணி ஆகுதுலா” என்றான் அர்ச்சுனன்.

“ஒங்கப்பன் பட்டினியா கெடக்கான். ஒனக்கு மணி பெருசாப் போச்சா?”

கடைக்காரி தாயம்மா, மயிலம்மாளின் குங்குமத்தையும் கழுத்துத் தாலியையும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தாள். “குடும்பத்தோட கடல் பாக்கப் போறீங்களாக்கும்? இந்தக் காலத்துல யாரு போறா. குடுத்து வச்சவங்க.”

அர்ச்சுனன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். மயிலம்மாள் முந்திக்கொண்டாள்.

“ஆமாம்மா. எங்க வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போறாரு.”

“எங்க, ஆளையே காணும்?”

“வந்துட்டாரு. அஞ்சு எலையா போடுங்க.”

இராஜமாணிக்கத்துக்குத் தண்ணீர் புரையேறியது. நாலு பேருக்கு நடுவில் ஐந்தாவது இலைக்குமுன் பசுமாடு சிரிக்கும் டின் இருந்தது. சோறு விழுந்தது. மீன்குழம்பு விழுந்தது. தாயம்மா டின்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, கேட்காமலே அந்த இலையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

இராஜமாணிக்கம் கவளம் பிடித்து வைத்து, காகத்தைக் கூப்பிட வாசலுக்குப் போனார். “கா கா” என்று தொண்டை கிழியக் கத்தினார். லிங்கியில் அன்றைக்குக் காகங்களுக்கும் ஊரடங்கு போலிருக்கிறது. வந்தது குரங்கு. கூரையிலிருந்து மேசைக்குக் குதித்து, கவளத்தை ஒரு கையிலும் மீனை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, சோற்றை வாயில் அடைத்தபடி மயிலம்மாளை முறைத்துவிட்டுப் போயிற்று.

“அண்ணந்தான்” என்றார் இராஜமாணிக்கம் கண்கலங்கி. “குரங்கு ரூபத்துல வந்துட்டாரு.”

“இருந்தப்பவும் அப்படித்தான் தின்னாரு” என்றாள் மயிலம்மாள். “எந்திரிங்க.”

டின்னைத் தூக்கியபோது லேசாக இருந்தது. மேசையில் சாம்பல் இல்லை. மடியைப் பார்த்தாள். சேலை முழங்காலிலிருந்து கீழே நரைத்திருந்தது. காரின் தளத்தில் சந்திரன் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு பொத்தல் இருந்தது. அதன் வழியாகச் சாலை தெரிந்தது. தோட்டத்து கேட்டிலிருந்து லிங்கி வரைக்கும் சன்னாசி பைசா பைசாவாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த வழியோரத்து லாலான் புல் இன்றைக்கும் ஆள் உயரத்துக்கு வளர்வதாகச் சொல்கிறார்கள். நான் அளந்து பார்க்கவில்லை.

“பாதி வழியிலயே எறங்கிட்டீங்களா?” என்று டின்னிடம் கேட்டாள். “அவ்வளவு அலுப்பா என்கூட வர்றதுக்கு?”

ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள். கடற்கரை வரும்வரை யார் என்ன சொன்னாலும் அந்த விரலை எடுக்கவில்லை. பாசீர் பாஞ்சாங்கில் ஆளளவு உடும்பு ஒன்று ரோட்டை மறித்துப் படுத்திருந்தது. அது எழுந்து போக மனசு வைக்கும்வரை காத்திருந்தார்கள். அதைப் பிடித்தால் ராத்திரிக்கு ஆகும் என்று இறங்கப் போன இராஜமாணிக்கத்தை அர்ச்சுனன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தெலுக் கெமாங்கில் தென்னை மரங்களுக்கு இடையில் தண்ணீர் பளபளத்தது.

“இதும் கடல்தானம்மா. இங்கயே கரைச்சிட்டா அரை மணி மிச்சம்” என்றான் அர்ச்சுனன்.

மயிலம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “சி ரூசா வந்தாச் சொல்லு.”

வந்தது. கண்ணைத் திறந்தாள்.

வற்றம். தண்ணீர் வெகு தூரம் உள்வாங்கிப் போயிருந்தது. கறுப்புச் சேறும் நண்டு வளைகளும் கிடந்தன. அதற்கப்பால் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒன்று சோம்பலாக அசைந்துகொண்டிருந்தது.

“இதுவா?” என்றாள்.

அர்ச்சுனன் டின்னை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

மூடியோடு மல்லுக்கட்டினார்கள். அர்ச்சுனன் கல்லால் தட்டினான். சந்திரன் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினான். ஸ்க்ரூடிரைவர் வளைந்தது, மூடி வளையவில்லை. மகன் போட்ட பாலுக்கு அத்தனை பிடிமானம். கடைசியில் டின்னோடு விட்டுவிடலாம் என்று இராஜமாணிக்கம் தீர்ப்புச் சொல்ல, சேற்றைத் தாண்டி முழங்கால் தண்ணீருக்குப் போய், அர்ச்சுனன் வீசினான்.

டின் மிதந்தது. பசுமாடு மேலே பார்த்துச் சிரித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி, நேராக மயிலம்மாளின் காலடிக்கு வந்து சேர்ந்தது. மறுபடி எறிந்தான். மறுபடி வந்தது. கள்ளுக்கடைக்குப் போன நாட்களில் சன்னாசி ஒருநாளும் இத்தனை ஒழுங்காக அவளிடம் திரும்பி வந்ததில்லை.

“மணி நாலரைம்மா” என்றான் அர்ச்சுனன்.

கரையில் சந்திரன் ஹாரன் அடித்தான்.

மயிலம்மாள் டின்னை எடுத்துக்கொண்டாள். இடுப்பு ஆழம் வரைக்கும் நடந்தாள். சேலை குடைபோல விரிந்தது. இராஜமாணிக்கம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“கொழுந்தனாரே, நெசத்தச் சொல்லுங்க. ஒங்கண்ணன் இங்க எப்ப வந்தாரு? கல்யாணத்துக்கு முந்தியா?”

இராஜமாணிக்கத்தின் வாயில் முதலையோ ஆமையோ எதுவும் வரவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

“வந்ததில்லீங்க அண்ணி.”

“அப்ப ஆமை? சீனி மண்ணு?”

“உப்பு மீனு லாரிக்காரன் ஒருத்தன் சொல்லுவான். ரெண்டு பேரும் சேந்துதான் கேட்டுக்கிட்டு இருப்போம். அவரு ஒரு நாளும் பாத்ததில்ல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன அலை வந்து டின்னை அவள் வயிற்றில் இடித்தது.

“சரி” என்றாள்.

ஓட்டை மேலே வரும்படி டின்னைத் திருப்பி, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

“அடுத்த மாசம்னீங்கல்ல. வந்தாச்சு. நல்லாப் பாத்துக்கிடுங்க.”

குமிழிகள் வந்தன. ஓட்டை சின்னது, தண்ணீர் உள்ளே போக வெகு நேரம் பிடித்தது. ஹாரன் அடித்தது. அர்ச்சுனன் “அம்மா” என்றான். இன்னொரு தரம் “அம்மா” என்றவன், அப்புறம் கூப்பிடவில்லை. கிட்டே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாம்பல் கலந்த தண்ணீர் அவள் முந்தானையில் ஊறி ஏறியது. டின் கனத்தது. அவள் கைகளை விட்டாள்.

திரும்பி நடந்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

சந்திரன் கதவைத் திறந்து பிடித்தபடி, “யக்கா, சேலையக் கொஞ்சம் பிழிஞ்சுட்டு ஏறுங்கலா. சீட்டு ஊறிப்போகும்” என்றான்.

மயிலம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டினாள். சாம்பல் நிறத்தில் தண்ணீர் விரலிடுக்கில் கசிந்தது. பிழியவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

சீட்டு நனைந்தது. சந்திரன் அதைப் பார்த்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான்.