காவலனின் இரண்டாவது முறை

“பலம் பிரச்சனையே இல்ல மாஸ்டர், முறைதான் பிரச்சனை,” என்றாள் வாலு, பகடை ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தபடி. “போன வாரம் அரக்கனுக்கு ஒரு சுத்துக்கு ஒரே முறை. நீங்க மூணு பேர், ஆளுக்கு ஒண்ணு. அவன் ஒரு தடவை கை ஓங்கறதுக்குள்ள நீங்க மூணு தடவை சாத்திட்டீங்க.”

“பாவம், கொட்டாவி விட்டுட்டே செத்தான்,” என்றார் தையல்காரர். கீழே இருக்கும் கடையைப் பூட்டிவிட்டு ஞாயிறு மதியம் மாடிக்கு வருகிறவர். கழுத்தில் தொங்கும் டேப்பைக் கழற்ற மறந்தே வருவார்.

“அதான் இன்னைக்குக் கல் காவலன். அவனுக்கு ஒரு சுத்துல ரெண்டு முறை.”

“ரெண்டு முறையா? ஒண்ணு சித்தப்பா முறை, இன்னொண்ணு மாமா முறையா?”

“மாஸ்டர்!”

வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். இருபத்திரண்டு வயது, ஜெராக்ஸ் கடையில் வேலை, ஒரு நிமிடம் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதையாக ஆடும் இந்த ஆட்டத்துக்கு ஆள் சேர்க்க மட்டும் இரண்டு வருஷம் பொறுமையாக இருந்தாள். கதை சொல்வதும் எதிரிகளை ஆட்டுவதும் அவள். அண்ணன் போர்வீரன், அண்ணி வைத்தியச்சி, தையல்காரர் வில்லாளி. அடி பட்டதா தவறியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பட்டது.

அண்ணன் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டான். “இன்னொரு தடவை இப்படிச் சப்புனு முடிஞ்சா நான் வரல. என் ஆளு செத்தாலும் வரல. புதுசா ஒருத்தனை முதல்லேருந்து எழுதிட்டு உக்கார எனக்குப் பொறுமை கிடையாது.” மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணன் போனால் அண்ணியும் போவாள். மிச்சம் இருக்கும் தையல்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

அதனால் வாரம் முழுக்க அவள் கணக்குப் போட்டாள். காவலனுக்கு உயிர் அறுபது, அடி எட்டு. கடையில் மெஷின் சூடாகும் நேரமெல்லாம் மூன்று பேருக்காகவும் தானே பகடை உருட்டி, பத்துத் தடவை அந்தச் சண்டையைத் தனியாக ஆடிப் பார்த்தாள். ஏழு வெற்றி, மூன்று தோல்வி. நூல் பிடித்த மாதிரி இருந்தது. காவலனின் குணத்தையும் நோட்டில் எழுதினாள்: விழுந்தவனை விடமாட்டான், மிதித்துக் கொல்வான்.

அண்ணனும் அண்ணியும் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

“என்னண்ணி, தள்ளி உக்காந்துட்டீங்க?”

“உங்க அண்ணனைக் கேளு.” அண்ணி பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். “என் வெள்ளைக் கோட்டைச் சிவப்புத் துண்டோட போட்டுத் துவைச்சு வச்சிருக்காரு. கேட்டா, ரோஸ் கலரும் நல்லாத்தான் இருக்காம்.”

“நல்லாத்தானே இருக்கு,” என்றான் அண்ணன்.

“பாத்தியா?”

சண்டை தொடங்கியது. அண்ணன் முதலில், பிறகு காவலன், பிறகு தையல்காரர், மறுபடி காவலன், கடைசியில் அண்ணி. இதுதான் வரிசை. முதல் சுற்றிலேயே அண்ணன் உயிரில் எட்டுப் புள்ளி போனது. அண்ணி முறை வந்தது. மருந்து யாருக்கு?

“மாஸ்டருக்கு.”

“எனக்கு ஒரு கீறல்கூட இல்லையேம்மா!”

“முன்னெச்சரிக்கை மாஸ்டர்.”

இரண்டாவது சுற்றிலும் அதே கதை. மூன்றாவதில் அண்ணி பாறைக்குப் பின்னால் போய்த் தலை சீவிக்கொள்வதாக அறிவித்தாள். வாலு ஆடிப்பார்த்த பத்துத் தடவையும் வைத்தியச்சி போர்வீரனைக் காப்பாற்றினாள். ஏனென்றால் அந்த இருவருமே அவள்தான். வைத்தியச்சிக்குப் போர்வீரன் மேல் கோபம் வரும் என்று எந்த நோட்டில் எழுதுவது?

நான்காவது சுற்றில் அண்ணனிடம் மூன்றே புள்ளி. மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கத் தன் முன்னால் நிறுத்தியிருந்த தடுப்பு அட்டைக்குப் பின்னால் வாலு காவலனுக்காகப் பகடையை உருட்டினாள். பத்தொன்பது. அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நாலு என்று சொன்னால் போதும், அடி தவறிவிடும்.

“பட்டுடுச்சு,” என்றாள். “அண்ணா, நீ விழுந்துட்ட.”

“என்னது! இவதான் காரணம், இவ ஒரு தடவையாவது...”

“விழுந்தவன் பேசக் கூடாது,” என்றார் தையல்காரர். அது வாலு போட்ட சட்டம். அண்ணன் வாயை மூடிக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்து போகிற ஆள் மாதிரியே இருந்தான்.

தையல்காரர் அம்பு விட்டார், பட்டது. அடுத்தது காவலனின் இரண்டாவது முறை. மிதித்தால் அண்ணன் கதை முடிந்தது. வாலு நோட்டைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், நோட்டை மூடினாள்.

“காவலன் அண்ணன் மார்புக்கு நேரா காலைத் தூக்கறான். தூக்கின கால் அப்படியே நிக்குது. அவன் முறை முடிஞ்சுது. அண்ணி, உங்க முறை.”

அண்ணன் அண்ணியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

“மாஸ்டர், விழுந்தவன் பேசத்தானே கூடாது? கும்பிடலாமா?”

“சட்டத்துல இல்லம்மா.”

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரி, எழுந்திருங்க. இருக்கற மருந்து மொத்தமும் இவருக்கே. கோட்டை நீங்கதான் வெளுக்கப் போடறீங்க, சொல்லிட்டேன்.”

அதற்கப்புறம் மேசையே அதிர்ந்தது. அடுத்த சுற்றில் காவலன் அண்ணியை வீழ்த்தினான். அண்ணன் அவள் முன்னால் போய் மறித்து நின்றுகொண்டான். ஆறாவது சுற்றில், உயிர் இரண்டு மிச்சமிருந்த தையல்காரர் விட்ட அம்பில் காவலன் பொடிப்பொடியானான். அண்ணன் மேசையைத் தட்டி எழுந்தே விட்டான்.

“இதுடி சண்டை! மயிரிழையில தப்பிச்சோம். எப்படிடி இவ்வளவு கச்சிதமா கணக்குப் போட்ட? அடுத்த ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?”

வாலு பல்லைக் காட்டினாள். கணக்கா? கணக்குப்படி அவன் நான்காவது சுற்றிலேயே செத்திருக்க வேண்டும்.

அண்ணனும் அண்ணியும் போன பிறகு தையல்காரர் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். “ஏம்மா, தூக்கின காலை அவன் ஏன் இறக்கல?”

“அது... யோசிச்சான் மாஸ்டர்.”

“கல்லு யோசிக்குமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பகடையை அவள் மாற்றிச் சொல்லவில்லை, அது சத்தியம். ஆனால் எதிரியின் ஒரு முறையை வேண்டுமென்றே வீணாக்கினாள். அதுவும் ஏமாற்றுதானா, இல்லை நல்ல சண்டை அமைப்பது என்றாலே அதுதானா? அண்ணனிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அவன் ஜெயித்தது என்ன ஆவது? அந்த அட்டைக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் காலை இறக்கியிருப்பீர்களா, சொல்லுங்களேன்?